குறட்டைக்கு ஒரு சப்வூஃபர்

சோபிர் கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த சாமான்களைப் பார்த்து அவன் மனைவி முஹய்யோ சிரிக்கக்கூட இல்லை.

மார்கிலானில் இடித்துத் தள்ளிய சினிமாக் கொட்டகையின் ஹார்ன் ஸ்பீக்கர்கள் இரண்டு, பூசணிப்பூ மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. கூடவே, நொறுங்கிய காரிலிருந்து கழற்றிய ஒரு சப்வூஃபர், டிபன் பாக்ஸ் அளவில் ஓர் ஆம்ப்ளிஃபயர். எல்லாம் கோகந்த் ஞாயிற்றுச் சந்தையில் தொண்டை வற்றப் பேரம் பேசி வாங்கியவை.

“கழுதையையும் சேத்தே வாங்கியிருக்கலாம். இதையெல்லாம் திரும்ப ஏத்தி அனுப்ப வசதியா இருந்திருக்கும்” என்றாள்.

“உனக்கென்ன தெரியும்? ஹார்னுக்குக் கரண்டு துளியூண்டு போதும், ஊரையே கூட்டிடும்.”

“அப்ப அந்தப் பெரிய வட்டம் எதுக்கு?”

“ஹார்ன்ல அடித்தொண்டை வராது. அதுக்குத்தான் இது.”

“எல்லாத்துக்கும் அடித்தொண்டை வேணுமாக்கும்?”

“ரத்தமும் சதையுமா கேக்கணும்னா வேணும்.”

முஹய்யோ தையல் அறைக்குத் திரும்பிவிட்டாள். கல்யாணப் பெண்களுக்கு மெத்தை தைக்கிறவள். விடிந்தால் பொழுது சாயும் வரை அவளுடைய கால் மிஷின் ஓயாது.

சோபிர் நான்கு நாள் பாடுபட்டான். பழைய அலமாரிப் பலகையை அறுத்து சப்வூஃபருக்குப் பெட்டி செய்தான். மூலையில் வைத்தால் பானைக்குள் பேசுகிற மாதிரி உறுமியது. ஜன்னலோரம் வைத்தால் ஊமையாகிவிட்டது. மண்டிபோட்டு, பெட்டியைச் சாண் சாணாக நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் தையல் அறைக்கு ஓடிப் போய்ச் சுவரில் காதை வைத்தான். இடது ஹார்னில் ஒயரை மாற்றிக் கொடுத்திருந்ததைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் போயிற்று.

“பாட்டு கேக்கறவங்க அந்த ரூம்ல உக்காந்து கேப்பாங்க. நீங்க என்னங்க, சுவத்துக்கு இந்தப் பக்கம் வந்து வந்து கேக்கறீங்க?”

“சுவத்தைத் தாண்டியே நல்லா கேட்டா, உள்ள எப்படி இருக்கும்னு யோசி.”

“நல்லாத்தான் இருக்கு. நேத்து அந்தப் பொம்பள பாடினப்ப, யாரோ விருந்தாளி வந்துட்டாங்கன்னு நான் டீ போடவே எழுந்துட்டேன்.”

சோபிருக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் அவனுக்கு வேண்டியது பாட்டு இல்லை.

அவனுடைய ஃபோனில் இரண்டு மணி நேரக் குறட்டை இருந்தது. சொந்தக் குறட்டைதான். இழுக்கும்போது கரகரப்பு, விடும்போது ஒரு விசில். கரகரப்பு சப்வூஃபருக்கு, விசில் ஹார்னுக்கு. ஃபோனில் நேராகப் போட்டுக் கேட்டபோது பூனைக்குட்டி தும்முகிற மாதிரிதான் இருந்தது. பதினோரு வருஷம் அந்தக் குறட்டையோடு குடித்தனம் நடத்தியவளை அதை வைத்து ஏமாற்ற முடியாது.

ஏமாற்றியே ஆக வேண்டும். முஹய்யோவின் தாய்மாமன் எர்காஷ், உலர்ந்த ஆப்ரிகாட் பழ வியாபாரத்தில் கொழுத்தவர், வெயிலுக்குப் பயந்து குடும்பத்தோடு மலைக்குப் போயிருந்தார். இரண்டு தெரு தள்ளி இருந்த அவர் வீட்டு மரப்பெட்டியில் ஜார் மன்னர் காலத்துத் தங்கக் காசுகள் ஒரு பை நிறைய உண்டு. விருந்துக்கு விருந்து எடுத்துக் காட்டி எல்லார் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்வார். அது மட்டும் கிடைத்துவிட்டால் சோபிர் யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம்.

சாவி இருக்கும் இடம் அவனுக்கும் முஹய்யோவுக்கும்தான் தெரியும் என்பதால், காசு காணாமல் போனால் போலீஸ் முதலில் தட்டப்போவது அவன் வீட்டுக் கதவைத்தான். அப்போது எர்காஷ் மாமா நம்பக்கூடிய ஒரே வாய் முஹய்யோவினுடையது. “மத்தியானம் பூரா குறட்டை விட்டுத் தூங்கினாரு” என்று அவள் மனசார நம்பிச் சொல்ல வேண்டும். இத்தனை தவமும் அதற்குத்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் வெயிலுக்குத் தெருவில் நாய்கூட இல்லை. முலாம்பழமும் ரொட்டியும் சாப்பிட்டு முடித்த சோபிர் பெரிதாகக் கொட்டாவி விட்டான்.

“கண்ணைச் சொருகுது. எழுப்பிடாதே.”

“நான் ஏன் எழுப்பறேன்? சாயங்காலத்துக்குள்ள ரெண்டு மெத்தை முடிச்சாகணும். நீங்களும் என்னை வந்து தொந்தரவு பண்ணாதீங்க.”

கதவைத் தாழிட்டுக் குறட்டையை ஓடவிட்டான். அலமாரியில் டீக் கிண்ணங்கள் கிணுகிணுத்தன. கேட்கக் கேட்க அவனுக்கே தூக்கம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்ததும், பின்பக்க ஜன்னல் வழியாகக் குதித்தான்.

மாமா வீட்டுச் சாவி வழக்கம்போல ரோஜாத் தொட்டிக்கு அடியில் இருந்தது. பெட்டியைத் திறந்து, கம்பளங்களை விலக்கி, அடிவரை கைவிட்டுத் துழாவினான். அந்துருண்டைதான் கிடைத்தது. கிழட்டு நரி பையை மலைக்கே கொண்டுபோய்விட்டது. சோபிருக்கு அழுகையே வந்துவிட்டது. நான்கு நாள் தவழ்ந்ததில் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஜன்னல் ஏறித் திரும்பியபோது குறட்டை ஒரு பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மிஷினும் ஓடிக்கொண்டிருந்தது. பாவம், ஒன்றும் தெரியாமல் உழைக்கிறாள் என்று நினைத்தபோது அவனுக்கு லேசாக வெட்கமாகக்கூட இருந்தது.

எல்லாவற்றையும் அணைத்தான். தலையைக் கலைத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு அவள் அறை வாசலில் போய் நின்றான்.

“முஹய்யோ, ஒரு டீ போடேன்.”

மிஷின் கடகடத்தது. கதவைத் தள்ளினான். நாற்காலி காலியாக இருந்தது. ஆணியில் தொங்கும் அவளுடைய ஊருக்குப் போகும் பையைக் காணோம், செருப்பையும் காணோம்.

மேஜையில் சோப்புக்கட்டி அளவு ஸ்பீக்கர் ஒன்று மட்டும் விடாமல் மெத்தை தைத்துக்கொண்டிருந்தது.