உடையப்பன் தொண்டை

"ஏய் செவந்தீ! கூறுகெட்டவளே! ஆட்டை இங்கிட்டு விட்டே, அம்புட்டையும் கெடா வெட்டிப்புடுவேன்!"

காவல்காரன் உடையப்பன் வாயைத் திறந்தால் கொடும்பாளூர் வரைக்கும் கேட்கும்.

சைக்கிளில் பனைமரத் திருப்பத்தைத் தாண்டும்போதே ஓவர்சியர் ரெங்கராஜுக்கு இந்த அர்ச்சனை காதில் விழுந்துவிடும். அவருக்குச் சந்தோஷம் பாதி, சங்கடம் பாதி. ஒரு பொம்பளையை இப்படியா பேசுவது? ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், கம்பி வேலிக்குள் ஓர் ஆடு கிடையாது.

யுத்தத்துக்காகப் போட்ட விமானத் திடல் அது. வெள்ளிக்கிழமைதோறும் துரையின் ஏரோப்ளேன் வந்து இறங்கும். உள்ளே ஓர் ஆட்டைக் கண்டாலும் காவல்காரனுக்கு வேலை போய்விடும். துரையின் உத்தரவு.

"ஏம்ப்பா உடையப்பா, மழை இல்லாத வருசம். கொஞ்சம் தன்மையாச் சொல்லக் கூடாதா?"

"இவளுகளுக்குப் பாவம் பாத்தா என் சோத்துல மண்ணுங்க!"

கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துக்கொண்டே ரெங்கராஜ் நோட்டில் எழுதுவார்: 'காவல் கண்டிப்பு. புல் ஒட்ட வெட்டியிருக்கிறது.'

அந்தச் செவ்வாய்க்கிழமை சத்தத்தையே காணோம்.

ரெங்கராஜ் திருப்பத்தைத் தாண்டினார். கேட்டைத் தாண்டினார். அப்படியே நின்றுவிட்டார்.

திடல் முழுக்க ஆடு. நாற்பதுக்குக் குறையாது. நடுவில் செவந்தி கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே உடையப்பன், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு குட்டியை மடியில் போட்டு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தான்.

அவரைக் கண்டதும் துள்ளி எழுந்தான். வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது.

"அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கிருச்சுங்க" என்றாள் செவந்தி. "அது ஏசுனாத்தான் நீங்க வாரீங்கன்னு எங்களுக்குத் தெரியும். ஆட்டை ஓட்டிக்கிட்டு ஓடிருவோம்."

ரெங்கராஜுக்குச் சுருக்கென்றது. ஆறு மாதமாக என்னை மடையனாக்கியிருக்கிறானே! நோட்டை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"ஐயா, கம்மாயெல்லாம் காஞ்சு கெடக்கு. இந்த வேலிக்குள்ளதான் புல்லு இருக்கு. இதுவும் இல்லேன்னா அம்புட்டும் கசாப்புக்குத்தான். அண்ணன் மேல எழுதிராதீங்க."

அந்த நேரம் பார்த்து வானத்தில் உறுமல் கேட்டது. வெள்ளிக்கிழமை வரவேண்டிய துரை, மூன்று நாள் முந்தி!

உடையப்பன் கையை ஆட்டினான், குதித்தான், வாயைத் திறந்து திறந்து மூடினான். ஆடுகள் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ரெங்கராஜ் பேனாவை மூடினார். தனக்குள் இப்படி ஒரு குரல் இருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

"ஏய் செவந்தீ! கூறுகெட்டவளே!"

அவ்வளவுதான். பழக்கதோஷம், செவந்தி எழுவதற்கு முன்பே நாற்பது ஆடும் வேலிச் சந்துக்குள் புகுந்து மறைந்தன.

துரை இறங்கினார். தரையைப் பார்த்தார். புல்லை இவ்வளவு அழகாக யார் வெட்டுவது என்று கேட்டார்.

"காவல்காரன்தான் பாத்துக்கிறான் துரை. ரொம்பக் கண்டிப்பானவன்" என்றார் ரெங்கராஜ், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் உடையப்பனுக்குத் தொண்டை திறக்கவில்லை என்று கேள்விப்பட்டார்.

பனைமரத் திருப்பத்திலேயே சைக்கிளை நிறுத்தி இறங்கினார். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் நோட்டம் விட்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஏய் செவந்தீ! ஓவர்சியர் வாரேன்டீ!"