கல்லறைக்குள் சூரிய தரிசனம்

அயர்லாந்தில் டிசம்பர் மாதத்துச் சூரியனும் அமைச்சரும் ஒன்றுதான். வருவதாகச் சொல்வார்கள், நாம்தான் காத்துக் கிடக்க வேண்டும். அன்று இருவருமே வருவதாக இருந்தது.

எங்கள் ஊர் மேட்டுக்குள் கற்காலக் கல்லறை ஒன்று உண்டு. ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று மட்டும், உதயத்தின் ஒளி வாசல் வழியே நுழைந்து, கடைசிக் கல்லில் செதுக்கிய சுருள் கோலத்தைத் தொடும். உள்ளே போகச் சீட்டுக் குலுக்குவார்கள். என் மனைவி ஓர்லாவுக்கு வருடக்கணக்காக எழுதிப் போட்டு அந்த ஆண்டுதான் விழுந்தது. துணைக்கு நான்.

அமைச்சருக்குச் சீட்டெல்லாம் வேண்டியதில்லை. ஆனாலும் தொப்பியைக் கழற்றினார்.

"நீங்கல்லாம் உள்ளே போங்க. நான் மக்களோட ஊழியன், வாசல்லயே நின்னுக்கறேன்."

ஓர்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படியும் ஒரு மனுஷனா! இனிமே என் ஓட்டு இவருக்குத்தான்."

"யாரும் திரும்பக் கூடாது, கோலத்தையே பாருங்க" என்றார் வழிகாட்டி.

கால் மரத்துப்போகும் வரை பார்த்தோம். கும்மிருட்டு. வாசலில் அமைச்சர் நம் முன்னோர்களின் கணக்குத் திறமையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

"மேகம் மூடிருச்சு. நேரம் முடிஞ்சுபோச்சு" என்று வழிகாட்டி விளக்கைப் போட்டார்.

ஓர்லா என் விலாவில் இடித்தாள். "உன்னாலதான்யா! மழைக்கோட்டு எடுத்துட்டு வராதேன்னு சொன்னேனா இல்லையா?"

குனிந்து வெளியே வந்தோம். வானத்தில் துளி மேகமில்லை. முன்னோர்கள் சரியாக அமைச்சரின் உடம்பு அளவுக்கே வைத்திருந்த வாசலிலிருந்து, அவர் முக்கி முனகி விலகி வழிவிட்டார்.

"அப்பப்பா, என்ன வெயில்! முதுகு வெந்தே போச்சு. உள்ளே எல்லாரும் நல்லாப் பாத்தீங்களா?"