கேடயத்தைத் தூக்கு!

ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்கு அந்த வீடியோ கேம் பிடிபடவே இல்லை. ஆரம்பப் பயிற்சி என்று பதினெட்டு பட்டன்களைக் காட்டியது. ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் எழுத்து மறைந்து, அடுத்தது வந்தது. உடனே சண்டைக்குள் தள்ளிவிட்டது. ஒரு வாரமாக அணித்தலைவனிடம் ஹெட்போனில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"யாரோ ஒருத்தன்கிட்ட இப்படித் திட்டு வாங்குறீங்களே, ரோஷமே இல்லையா?" என்றாள் மனைவி. "திருப்பி நாலு வார்த்தை கேளுங்களேன்."

"மைக்கை ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன். பேசினா குரலைக் கண்டுபிடிச்சிடுவான்."

"யாரு?"

அவர் ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் மாட்டினார்.

"டேய், எத்தனை தடவை சொல்றது? கேடயத்தைத் தூக்குடா! ஆடத் தெரியாம ஏன்டா வந்து உயிரை வாங்குற?"

அப்பாவோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போய், மூன்று வருடமாக ஒரு போன்கூடப் பண்ணாத மகனின் குரல்.

"இதுலதான் இருக்கான்னு அவன் சிநேகிதன் சொன்னான்" என்றார் அவர் மெதுவாக.

அவள் ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். வசவு நிற்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அவனுக்குச் சளி பிடிச்சிருக்குங்க" என்றாள்.