கொக்கு நடத்திய ஆற்று ஆய்வு

நகரத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் புதுப்பித்தபின், ஆறு தேறியதா என்று ஆராய ஆற்றுச் சபை கொக்கை அமர்த்தியது. மீன்கள் திரும்பியிருந்தால் நிலையம் நீடிக்கும். இல்லையேல் பழையபடி சாக்கடைதான் ஆற்றில் கலக்கும்.

ஊருக்கெல்லாம் ஒழுக்கம் உபதேசிக்கும் கொக்கு, மீன்களை நேர்மையாகவே எண்ணத் தொடங்கியது. எண்ணிய மீனையே மறுபடியும் எண்ணிவிடக் கூடாதே என்னும் கவலையால், எண்ணியதை உடனுக்குடன் விழுங்கியது.

மாலையில் சபையின் நண்டு வந்தது. "என்ன அண்ணாச்சி, மீன் திரும்பியதா?"

"ஏராளமாகத் திரும்பியது, தம்பி!"

"அப்படியானால் ஒன்றையாவது காட்டுங்கள். கண்ணால் காணாமல் சபை நம்பாது."

கொக்கு நீருக்குள் எட்டிப் பார்த்தது. தெளிந்த நீரில் தெரிந்தது, வயிறு புடைத்த தன் உருவம் மட்டுமே.

"சபையில் இப்படிச் சொல், தம்பி," என்றது கொக்கு, தலை நிமிராமல். "நிலையத்தால் ஆற்றுக்கு ஒரு கேடும் இல்லை. ஆய்வாளரைத்தான் உடனே மாற்றவேண்டும்."