சத்தம் போடாத மூட்டைகள்

'உஸ்ஸ்ஸ்... சரக்.'

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த ரீபாவின் கை நின்றது. இருட்டி அரைமணிகூட ஆகியிருக்காது. சத்தம் பின்பக்கத்திலிருந்து வந்தது.

மறுபடியும், 'உஸ்ஸ்ஸ்... சரக்.'

பாம்போ என்று நினைத்தாள். பாம்பு இப்படி மூச்சு வாங்காது.

தச்சநல்லூரில் அரிசி கோடவுனை ஒட்டின வீடு. கணவன் பெனோ இதைப் பார்த்துப் பிடித்துக் கொடுத்துவிட்டு, தூத்துக்குடிக்கு வேலைக்குப் போய்விட்டான். சனிக்கிழமைதான் வருவான். மற்ற நாளெல்லாம் ரீபாவுக்குத் துணை ஐந்து மாதப் பிள்ளையும், கான்வென்ட்டில் மனப்பாடம் செய்த ஜெபமும்தான்.

கொல்லைக் கதவைப் பார்த்தாள். சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போடவில்லை. துருப்பிடித்த தாழ்ப்பாள், இஞ்சி தட்டுகிற கல்லால் நாலு போடு போட்டால்தான் நகரும். போட்டால் பிள்ளை முழித்துவிடும். இரண்டு நாள் காய்ச்சலில் அனத்திவிட்டு இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறான். 'தூங்கினாலே பாதி குணம்' என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

கோடவுன் முற்றத்தில் லாரி நின்றது. விளக்கு இல்லை. செருப்பில்லாத கால்கள் நடந்தன. ஒவ்வொரு மூட்டையையும் இரண்டு பேராகப் பிடித்து, தூங்குகிற ஆளை இறக்குவதுபோல் இறக்கினார்கள். யாரும் வாயே திறக்கவில்லை.

லோடு இறங்குகிற நாளென்றால் தெருவே அதிரும். முதுகிலிருந்து மூட்டை 'தொம்'மென்று விழும். அதைவிடப் பெரிதாக வசவு விழும். இன்றைக்கு இரண்டும் இல்லையென்றால்?

திருட்டுதான்.

எதிர்வீட்டு சுவிசேஷமுத்துவுக்கு போன் போட்டாள். ரிட்டயரான ஆபீஸ் சூப்பரின்டெண்ட், தெரு நலச் சங்கச் செயலாளர்.

"அங்கிள், கோடவுன்ல அரிசி மூட்டையத் திருடுறாங்க."

"எத்தனை பேரும்மா?"

"நாலு பேர் தெரியுது."

"அப்ப பைய வாறேன்."

வந்தார். கொல்லைக் கதவைத் திறந்து, ஒரு காலை ரீபாவின் வீட்டுக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொண்டு டார்ச் அடித்தார். இன்னொரு கையில் போன். கோடவுன்கார அண்ணாச்சி லைனில் இருந்தார்.

"ஏலே, எவம்லே அங்கன?"

முறுக்கு மீசையும் முதுகில் மூட்டையுமாக ஒருத்தன் முன்னால் வந்தான். "நான்தான் சார், சங்கிலிபூதத்தான்."

ரீபா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பேர் வெறும் சங்கிலியோடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருப்பாள்.

"பைய பேசுங்க சார்," என்றான் அவன்.

"திருட்டுப் பயலுக்குப் பைய வேற பேசணுமோ? அண்ணாச்சி, கேக்கா? கையுங்களவுமாப் பிடிச்சிட்டேன்."

போனில் அண்ணாச்சியின் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. "அந்த லோடு ஆளுவளே வேண்டாம் சார். நாளையிலேருந்து ஒருத்தனும் என் வாசல மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிருங்க."

"பொழப்புல மண்ணு விழுந்துட்டே அண்ணே," என்றான் பின்னால் நின்ற சுடலையாண்டி.

சங்கிலிபூதத்தான் மூட்டையை இறக்காமலே பேசினான். "சார், திருடுதவன் கோடவுன்லேருந்து வெளியல்லா கொண்டு போவான்? நாங்க லாரிலேருந்து உள்ளல்லா கொண்டு போறோம்."

சுவிசேஷமுத்து டார்ச்சை லாரிக்கும் கோடவுனுக்கும் மாறி மாறி அடித்தார். அவன் சொன்ன திசை சரியாகத்தான் இருந்தது.

"பின்ன எதுக்குலே லைட்ட அணைச்ச?"

"போன வாரம் இந்த யம்மாதான் ஜன்னல்ல நின்னு ஏசினாவ. லைட்டு கண்ணுல அடிக்கி, மூட்டைய தொம்முனு போடுதிய, வாயத் தொறந்தா கெட்ட வார்த்தை, நீங்கள்லாம் மனுசங்களான்னு." மூச்சு வாங்கிக்கொண்டான். "மத்தியானம் மெடிக்கல்ல தைலம் வாங்கப் போயிருந்தேன். இவ்வொ பிள்ளைக்குக் காய்ச்ச மருந்து கேட்டுக்கிட்டு நின்னாவ. அதான், இன்னைக்கு ஒருத்தன் தூக்குத மூட்டைய ரெண்டு பேராப் பிடிச்சு இறக்குதோம். இடுப்பு போச்சு சார்."

ரீபாவுக்கு ஞாபகம் வந்தது. சொல்லியிருந்தாள். கேட்பார்கள் என்றுதான் நினைக்கவில்லை.

"என்ன சார் நடக்கு அங்கன?" என்றது போன்.

சுவிசேஷமுத்து தொண்டையைச் செருமினார். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நம்ம சங்கத்துல சொன்னதக் கேட்டு சத்தமில்லாம இறக்குதானுவ. ஒழுங்காச் செய்யுதானுவளான்னு பாக்க வந்தேன். நல்ல பயலுவ, இருந்துட்டுப் போட்டும்."

போனைப் பையில் போட்டார். "நல்லதுன்னாலும் நாலு பேருக்குச் சொல்லிட்டுச் செய்யணும்லே," என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

ரீபா 'சாரி' சொல்ல வாயெடுத்தாள். சாரிக்குப் பின்னால் அண்ணன் என்று போடுவதா, சும்மா விடுவதா என்று கான்வென்ட்டில் சொல்லித் தந்திருக்கவில்லை. அவள் முடிவுக்கு வருவதற்குள் அவன் மூட்டையோடு திரும்பிவிட்டான்.

கதவைச் சாத்தினாள்.

நல்லவர்கள்தான். இருந்தாலும் நாலு ஆம்பிளைகள். திருடன் என்று பேர் வாங்கின ஆம்பிளைகள். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டதிலேயே, வீட்டில் பெனோ இல்லை என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

இஞ்சி தட்டுகிற கல்லை எடுத்தாள். தாழ்ப்பாளில் ஓங்கிப் போட்டாள். தொம். தொம். தொம். தொம். கதவு ஒருவழியாக உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டது.

பிள்ளை வீறிட்டது.

சுவருக்கு அந்தப்புறம் சங்கிலிபூதத்தான் தன் ஆட்களைக் குசுகுசுவென்று ஏசுவது கேட்டது:

"எவம்லே மூட்டையப் போட்டது? பிள்ளை முழிச்சிட்டு பாரு. பைய இறக்குங்கலே."