வாசலில் தொரசாணிப் பூ

"என் பூச்செடி தலையைக் கிள்ளுன கை வெளங்குமா? அழுகிப் போவாது?"

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வீரம்மா தேயிலைத் தோட்டத்து லயத்தில் தன் வீட்டு வாசலில் நின்று கத்தினாள். சாடை அதே வரிசையில் ஒட்டியிருந்த பக்கத்துக் காம்பராவுக்கு. அங்கேதான் அவளுக்குச் சம்பந்தியாக வரப்போகிற அழகம்மா இருந்தாள்.

வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் அந்தப் பூவை ஹொலிஹொக் என்பார்கள். வீரம்மாவின் வாயில் அது நுழையாது. அவளுக்கு அது தொரசாணிப் பூ. பங்களாத் தோட்டக்காரனைக் கெஞ்சி விதை வாங்கி, முந்தானையில் முடிந்து வந்து, பனிக்குச் சாக்குப் போர்த்திப் பிள்ளை மாதிரி வளர்த்தாள். முதல் வருஷம் வெறும் இலைதான். "கீரை எப்ப கடையப் போற?" என்று லயமே சிரித்தது.

"அடுத்த வருசம் பாருங்கடி! ஆளுயரத்துக்கு நின்னு, அடியிலேர்ந்து நுனி வரைக்கும் பூக்கும். எம் மக லெட்சுமி பரிசத்துக்கு வாசல்ல அதுதான் நிக்கும்" என்று சவால் விட்டாள்.

வருஷம் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை பரிசம் என்று நாளும் குறித்தாயிற்று. பூவைத்தான் காணோம். தண்டு கிளம்பும், மறுநாள் நுனி இருக்காது. ஆட்டுக்கு வேலி கட்டினாள், புழுவுக்குச் சாம்பல் தூவினாள். மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்த களைப்போடு சாயந்தரமெல்லாம் செடியருகிலேயே நின்று காவலும் காத்தாள். செடி இடுப்புக்கு மேல் ஏறவே இல்லை.

அழகம்மா கொண்டையை முடிந்துகொண்டு வெளியே வந்தாள். "யாரச் சொல்றீங்க மதினி?"

"செஞ்சவளுக்குத் தெரியும்."

"நான் தொட்டிருந்தா மாரியாத்தா சத்தியமா எங் கண்ணு அவிஞ்சு போகட்டும். என்னையக் களவாணியாக்குற வீட்ல எம் மகன் பொண்ணெடுக்க மாட்டான். பரிசமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!"

உள்ளேயிருந்து லெட்சுமி, "செடி போனாப் போகுது, வாய மூடும்மா!" என்று அழுதாள். நல்ல யோசனைதான். ஆனால் லயமே கூடி நிற்கும்போது வீரம்மாவாவது, வாயை மூடுவதாவது!

"கங்காணியாரக் கூப்பிடுங்க, அவரே ஞாயம் சொல்லட்டும்!"

பெரிய கங்காணி நல்லமுத்து வெற்றிலையை மென்றபடி வந்தார். "எங்க கிள்ளியிருக்கு, காட்டு."

வீரம்மா வேலிக்குள் நுழைந்து செடிகளின்மேல் குனிந்தாள். அழகம்மாவும் விடாமல் பின்னாலேயே போய் நின்றாள்.

"பாருங்கய்யா, நகம் பட்டது தெரியுதா? புழு இப்புடிக் கடிக்குமா? தெனமும் இங்கயே நின்னு, வர்றவங்க போறவங்ககிட்ட பேசிக்கிட்டுக் காவக் காக்குறேன். அப்பவும் கிள்ளிப்புட்டுப் போயிர்றாளுக! சர்க்காரு நம்ம ஓட்டுரிமையப் புடுங்கினப்பகூட எனக்கு வயிறு இப்புடி எரியலைங்க..."

கண்ணீரும் மூக்குமாகக் கொட்டித் தீர்த்துவிட்டு நிமிர்ந்தாள். கங்காணியின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றிருந்தது. வாசற்படியில் லெட்சுமி அழுத முகத்தோடு வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"என்னங்கய்யா, பேச மாட்டேங்குறீங்க?"

பதில் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அழகம்மாவின் குரல் சிரிப்பில் குலுங்கியது. "பரிசம் போடுறோம் மதினி, கட்டாயம் போடுறோம். நீங்க மொதல்ல கைய நிறுத்துங்க!"

வீரம்மா திரும்பினாள். முதுகில் கூடை இல்லை என்பதுகூடத் தெரியாமல், கொழுந்தெடுத்தே பழகிய அவளுடைய இரண்டு கைகளும் பேசப் பேசக் கிள்ளி, தோளுக்கு மேலாகப் பின்னால் வீசிய பூச்செடி நுனிகள் சம்பந்தியம்மாளின் தலையெல்லாம் கிடந்தன.