சுமையோடு வருபவருக்கு வழி

உம்பிரியாவில் காதல் என்று எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் ஏற்றமும், இறக்கமும், அதனால் வரும் முழங்கால் வலியும்தான்.

இத்தாலியின் அந்த மலைநாட்டைச் சுற்றிப் பார்க்கத் தன் சுற்றுலா வேனில் ஏறும் புதுமணத் தம்பதிகளுக்கு ஃபுல்வியோ காலையில் மைக்கைப் பிடித்து அருளும் முதல் வாசகம் இது. அவர்கள் சிரிப்பார்கள். அவன் சிரிக்க மாட்டான்.

ஸ்பெல்லோ ஊரில் வீட்டுக்கு வீடு பூந்தொட்டி தொங்கும். தலை பத்திரம் என்பான். மோன்டெஃபால்கோ திராட்சைத் தோட்டத்தில் கைகோத்து நடந்தால், நேற்றுதான் மருந்தடித்தார்கள் என்பான்.

கடைசி நிறுத்தம் அவனுடைய சொந்த ஊர். அங்கே ஒரு சந்து. எதிரெதிரே இருவர் வந்தால் மூக்கும் மூக்கும் இடிக்கும். அதற்குள் நின்று முத்தமிடுவதற்காக, கீழ்முனையில் வெளியூர் ஜோடிகள் வரிசை கட்டி நிற்பார்கள்.

"ரொட்டி வாங்க வரிசையில நிக்கலாம். ரத்தப் பரிசோதனைக்கு நிக்கலாம். யாருங்க கடைசின்னு கேட்டு நின்னு முத்தம் குடுக்கறவனெல்லாம் ஒரு மனுஷனா?"

சொல்லிவிட்டு, கல் வழுக்குகிறதா என்று பார்த்து வருவதாக அவன் மட்டும் முதலில் சந்துக்குள் நுழைவான். தினமும் பார்ப்பான். மழையைக் கண்டே மாதமாகியிருந்தாலும் பார்ப்பான்.

சரியாக அந்த நேரத்துக்கு மேல்முனையிலிருந்து நீவெஸ் ரொட்டிக் கூடையோடு இறங்குவாள். மேலே அவளுடைய அடுமனை. கீழே, அவளிடம் ரொட்டி வாங்கும் சாப்பாட்டுக் கடை.

சந்துக்கென்று ஊரில் ஒரு சட்டம் உண்டு. சுமையோடு வருபவருக்கு வழி. வெறுங்கையோடு வருபவர் பின்வாங்க வேண்டும்.

ஃபுல்வியோ சட்டத்தை மதிப்பவன். அவள் முகத்தைப் பார்த்தபடியே, சந்து முடியும்வரை பின்னோக்கியே நடந்து வருவான். திரும்பி நடக்க இடமில்லை என்பது அவன் வாதம். முதுகில் மூட்டை மாட்டிய ஜெர்மன்காரர்களே திரும்பி நடக்கிற சந்து அது.

இன்று காலை காப்பிக்கடை செத்திமியோ குண்டைத் தூக்கிப் போட்டார்.

"நீவெஸ் மூணு சக்கர வண்டி வாங்கிட்டாளாமே! இனிமே ரொட்டியெல்லாம் பெரிய ரோட்டு வழியாத்தான். நீ யாரைப் பாத்துடா பின்பக்கமா நடக்கப் போற?"

ஃபுல்வியோவின் காப்பி குடிக்காமலே ஆறியது.

மதியம் அவன் சந்துக்குள் நுழைந்தபோது கையில் ஒரு பெரிய தர்பூசணி இருந்தது. இன்று பின்வாங்கக் கூடாது. நின்று சொல்லிவிட வேண்டும். நிற்க வேண்டுமென்றால் சுமை வேண்டும்.

நடுச்சந்தில் கூடையும் பழமும் முட்டிக்கொண்டன. இரண்டு சுமைகள் எதிரெதிரே வந்தால் யார் விலகுவது என்று ஊர்ச் சட்டம் சொல்லவில்லை.

ஃபுல்வியோவும் எதுவும் சொல்லவில்லை. மைக் இல்லாமல் அவனுக்குப் பேச்சு வருவதில்லை. கடைசியில், ரொம்ப வழுக்குகிறது என்றான்.

நீவெஸ் பழத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"இது பழுத்துடுச்சு. நீதான் இன்னும் பழுக்கல. அந்த வண்டி ஈஸ்டர்லேருந்து என் வீட்டுப் பின்னாடி தார்ப்பாய் போட்டு நிக்குது, ஃபுல்வியோ. தினமும் நான் எதுக்கு இந்தக் கல்லுல கால் தேய நடக்கறேன்னு நெனச்ச?"

அவன் முகம் தர்பூசணியின் உள்பக்கம் மாதிரி ஆனது. அப்படியே கூடைக்கு மேலாக எட்டிக் குனிந்தான்.

கீழ்முனையில் யாரோ இருமினார்கள். நீவெஸ் கண்ணாலேயே அந்தப் பக்கம் காட்டினாள். பாவம், வெயிலில் எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள்.

ஃபுல்வியோ பின்னோக்கியே நடந்து வெளியே வந்தான். ரொட்டியைச் சாப்பாட்டுக் கடையில் இறக்கிவிட்டு, கையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டு அவளும் வந்து சேர்ந்தாள்.

அவனுடைய வேனில் வந்த தம்பதிகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, தர்பூசணியை இறுக அணைத்தபடி அவன் வரிசையின் வால்வரை நடந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"யாருங்க கடைசி?"